துருவப் பாதையில் கறுப்புக் கொடிகள்

ஆளற்ற நிலத்தில் செல்வோர் போகும் வழியை மட்டும் திட்டமிட்டால் போதாது. வழி தவறினால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எண்ணியிருக்க வேண்டும். 1911ஆம் ஆண்டு இறுதியில் இரு குழுக்கள் தென்துருவத்தை நோக்கி அண்டார்க்டிகாவின் பனிவெளியைக் கடந்துகொண்டிருந்தன. நார்வே நாட்டவரான ருவால் அமுன்சென் தலைமையில் சென்ற ஐவர் டிசம்பர் 14 அன்று துருவத்தை அடைந்து, நலமுடன் மீண்டனர். ஆங்கிலேயரான இராபர்ட் பால்கன் ஸ்காட்டும் அவருடன் சென்ற நால்வரும் 1912 ஜனவரி 17 அன்று அங்குச் சேர்ந்தனர். திரும்பும் வழியில் ஐவரும் மாண்டனர். இவ்வேறுபாட்டை வீரத்தின் அளவில் தேடுவது பொருந்தாது. இரு குழுவினரும் அஞ்சாதவர்களே.

போக்குவரத்துக்கு வேண்டிய உணவு முழுவதையும் ஒரே முறையில் இழுத்துச் செல்ல இயலாது. எனவே, முந்தைய பருவத்திலேயே வழிநெடுக உணவும் எரிபொருளும் புதைத்து வைக்கப்பட்டன. ஆனால், எல்லையற்ற வெண்பரப்பில் ஒரு பனிக்குவியலை மீண்டும் கண்டுபிடிப்பது எளிதன்று. பனிமூட்டத்தில் திசை சற்றே பிறழ்ந்தாலும் அதனைக் காணாமலே கடந்துவிட நேரும். அமுன்சென் தம் கணக்கும் பிழைபடக்கூடும் என்று கருதினார். ஆதலால், 80 பாகையில் அமைத்த கிடங்கின் இருபுறமும், பயணத் திசைக்குக் குறுக்காக, பக்கத்திற்குப் பத்தாக இருபது மூங்கில் கழிகளைக் கறுப்புக் கொடிகளுடன் நட்டார். கழிகளுக்கிடையே ஏறத்தாழ 900 மீட்டர் இடைவெளி இருந்தது. ஒவ்வொன்றிலும் எண் பொறிக்கப்பட்டது. ஒரு கொடியைக் கண்டால் போதும். கிடங்கு எப்பக்கம், எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை அவ்வெண்ணே உணர்த்திவிடும். பதினெட்டுக் கிலோமீட்டர் அகலத்திற்கு விரிக்கப்பட்ட வலை அது! கொடிகள் போதாத இடத்தில் காய்ந்த மீன்களையே பனியில் நட்டு அடையாளமிட்டனர் என்பது சுவையான செய்தி. மண்ணெண்ணெய்க் கலன்களின் வாயையும் அவர்கள் கசிவின்றிப் பற்றவைத்திருந்தனர்.

ஸ்காட்டின் திட்டத்தில் இத்தகைய இடம் குறைவு. 80 பாகையில் அமைக்கக் கருதிய பெருங்கிடங்கை, குதிரைகள் தளர்ந்ததால், 50 கிலோமீட்டருக்கும் மேல் முன்னதாகவே அமைத்தார். குதிரைகளைக் கொன்றேனும் மேலே செல்ல வேண்டும் என்று உடனிருந்த ஓட்ஸ் வற்புறுத்தினார், ஸ்காட் இணங்கவில்லை. அவ்வுயிர்களின்பால் கொண்ட இரக்கத்தைக் குறையென்று கூற மனம் வராது. எனினும், அதன் விலை பின்னர் வெளிப்பட்டது. நால்வருக்கெனப் பகுத்த உணவுடன் ஐவர் துருவம் சென்றதும், கலன்களின் தோல் வளையங்கள் வழியே எரிபொருள் குறைந்துபோனதும் துன்பத்தைப் பெருக்கின. அவ்வாண்டு மார்ச்சு மாதக் குளிரும் வழக்கத்தினும் கொடியதாக இருந்தது.

எஞ்சிய மூவரின் கடைசிக் கூடாரம் அப்பெருங்கிடங்கிற்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தெற்கே நின்றது. எண்ணியபடி 80 பாகையில் கிடங்கு அமைந்திருந்தால், அவர்கள் அதனை முன்னரே கடந்திருப்பர். 1912 நவம்பரில் தேடிச் சென்றவர்கள் அக்கூடாரத்தைக் கண்டனர். அங்கே நாட்குறிப்புகளுடன், ஆய்வுக்காக இறுதிவரை அவர்கள் இழுத்துவந்த சுமார் 16 கிலோ பாறைத் துண்டுகளும் இருந்தன.