வாடகைக்கு ஓடும் இருசக்கர வண்டி

ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் இளைஞர் ஒருவர் என்னைக் காண வந்தார். பட்டம் பெற்றவர். தக்க வேலை கிடைக்காமையால் தம் தந்தையாரின் மோட்டார் சைக்கிளில், கைப்பேசிச் செயலி வழியாகப் பயணிகளை ஏற்றிச் செல்பவர். மாட்டுத்தாவணியில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், “எங்கள் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாயே” என்று கடிந்துகொண்டாராம். “சாமி, நான் செய்வது குற்றமா?” என்று கேட்டார். கடிந்துகொண்டவரும் நம் பங்கைச் சேர்ந்தவரே!

கேள்வி எளியது, விடையோ எளிதன்று. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, கூலிக்கு ஆள் ஏற்றும் வாகனத்திற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அத்தகைய வாகனம் மஞ்சள் நிற எண்பலகை தாங்கும்; சொந்த உபயோக வாகனத்திற்கு வெள்ளைப் பலகை. செயலி நிறுவனங்களும் மாநில அரசிடம் உரிமம் பெறவேண்டுமென 2019-இல் சட்டம் திருத்தப்பட்டது. எனினும் இருசக்கர வண்டி பற்றிய விதிகள் தெளிவாகவில்லை. மதுரையில் காவல் துறையினர் வண்டிகளைப் பறிமுதல் செய்தனர். வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்றது. அரசு விதிமுறை வகுக்கும்வரை இச்சேவை மதுரையில் நடைபெறலாகாதென 2023-இல் அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் 2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், சொந்த உபயோக மோட்டார் சைக்கிள்களையும் அனுமதிக்கும் பொறுப்பை அந்தந்த மாநில அரசிடமே விட்டன.

ஆட்டோ ஓட்டுநரின் மனக்குறையிலும் நியாயமுண்டு. அனுமதிச் சீட்டு, தகுதிச் சான்று, வாடகை வாகனக் காப்பீடு என அனைத்திற்கும் செலவிடுபவர் அவர். சென்னையில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என 2013-இல் அரசு நிர்ணயித்த கட்டணம் பல்லாண்டுகள் மாறவேயில்லை. எரிபொருள் விலையோ ஏறிக்கொண்டே இருந்தது.

இவ்விருவருக்கும் நடுவே, நிறுவனம் தன்னை வெறும் இடையீட்டாளர் என்கிறது. ஓட்டுநரைத் தொழிலாளி என்னாது “கூட்டாளி” என்கிறது. இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் 2021-இல் இவ்வாதத்தை ஏற்க மறுத்து, ஊபர் ஓட்டுநர்கள் தொழிலாளரே எனத் தீர்ப்பளித்தது. தமிழக அரசு 2023-இல் இத்தொழிலாளருக்கென நலவாரியம் அமைத்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, நிறுவனங்கள் தம் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 விழுக்காடு வரை இவர்தம் நலனுக்கு அளிக்கவேண்டும் என்கிறது. ஓட்டுநருக்குக் குறைந்தது 5 இலட்ச ரூபாய் மருத்துவக் காப்பீடும் 10 இலட்ச ரூபாய் ஆயுள் காப்பீடும் வேண்டுமென மத்திய நெறிகள் வலியுறுத்துகின்றன.

அந்த இளைஞரிடம் நான் கூறியது இதுவே: “தம்பி, உழைப்பது குற்றமன்று. ஆனால் உம் வண்டியின் காப்பீடு சொந்த உபயோகத்திற்கு மட்டுமே எனில், விபத்து நேர்ந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். பின்னால் அமர்ந்தவரின் குடும்பம் உம் வாசலில் வந்து நிற்கும். ஆகவே முதலில் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்து மூலம் விடை பெறும். நலவாரியத்தில் பெயரைப் பதிவு செய்யும்.”

பெற்றோர்களே, உங்கள் மகன் இத்தொழிலில் இருப்பின், இன்றே அந்தக் காப்பீட்டுத் தாளை எடுத்துப் பாருங்கள். குறைந்த கட்டணத்தில் பயணம் செய்யும் நாமும், அக்குறைவை யார் சுமக்கின்றனர் எனச் சிந்தித்தல் நலம். அடுத்த ஞாயிறு அவ்விருவரையும் ஒருங்கே அழைத்துப் பேசவிருக்கிறேன். ஒரே சாலையில் பிழைப்போர் ஒருவர்க்கொருவர் பகைவராதல் வேண்டாம். இருவரும் கேட்கவேண்டியது தெளிவான சட்டத்தையும் நியாயமான கூலியையுமே.