வெங்காய விலையும் பொறியியல் பிரிவும்

போன ஞாயிற்றுக்கிழமை திருக்கோகர்ணத்தில் அக்கா வீட்டில் பஞ்சாயத்து. அக்கா மகளுக்குக் கட்-ஆஃப் 172. சிவில் படிக்க ஆசைப்படுகிறாள். அத்தானோ, 'கம்ப்யூட்டர், இல்லேன்னா ஏஐ. வேற பேச்சே இல்லை' என்கிறார். கவுன்சிலிங்கில் விருப்பப் பட்டியல் கொடுக்க இரண்டு நாள்தான் பாக்கி. சாஃப்ட்வேர்காரன் என்பதால் தீர்ப்பு என்னிடம் வந்தது.

நான் வெங்காயத்தில் ஆரம்பித்தேன். விலை ஏறியிருக்கே என்று எல்லாரும் வெங்காயம் போடுவார்கள். மொத்தமாகச் சந்தைக்கு வந்ததும் விலை விழும். கையைச் சுட்டுக்கொண்டவர்கள் அடுத்த போகம் போடமாட்டார்கள். விலை மறுபடி ஏறும். வரைபடத்தில் போட்டால் கோடு வலை மாதிரி சுற்றும் என்பதால், பொருளாதாரத்தில் இதற்குச் சிலந்தி வலை மாதிரி என்று பெயர். அமெரிக்கப் பொறியாளர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்துவதை 1970களில் ரிச்சர்ட் ஃப்ரீமன் என்ற பொருளாதார அறிஞர் காட்டினார். வெங்காயத்துக்குச் சில மாசம், பொறியியலுக்கு நாலு வருஷம்.

நானே அந்த வலையில் சிக்கியவன்தான். 1998-ல் ஒய்2கே வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்ந்தேன். 2002-ல் வெளியே வந்தபோது டாட்காம் குமிழி உடைந்திருந்தது. ஒன்றரை வருஷம் வீட்டில் இருந்தேன். பிறகு வேலை கிடைத்தபோது பக்கத்து நாற்காலியில் ஒரு மெக்கானிக்கல்காரர், எதிரே ஒரு சிவில்காரர்!

இப்போது வலை இன்னும் பெரிசு. நன்றாக நடக்கும் கல்லூரிகளில் ஒரு பிரிவுக்கு இத்தனை இடம்தான் என்றிருந்த உச்சவரம்பை 2024-25-லிருந்து ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. இன்னொரு பக்கம், எங்கள் டீமில் புதுசாக வருபவர்களுக்குக் கொடுத்த சின்ன நிரல்களை இப்போது ஏஐ கருவியே எழுதுகிறது.

'அப்ப சிவிலுக்கு வேலை நிச்சயமா?' என்றார் அத்தான்.

இல்லை. அதையும் யாராலும் சொல்ல முடியாது. அதனால் இன்றைக்குக் கையில் இருப்பதைப் பார்க்கலாம் என்றேன். புரியாத பாடத்தோடும் அவளால் மல்லுக்கட்ட முடிகிற பிரிவு எது? அந்தக் கல்லூரியில் ஆசிரியர்களும் லேபும் ஒழுங்காக இருக்கிறதா? வேலை இரண்டு வருஷம் தள்ளிப்போனாலும் தாங்குகிற அளவுக்குத்தான் கடன் வாங்குகிறோமா?

இன்னொன்று: பட்டியலில் வரிசைதான் முக்கியம். மேலே உள்ளது கிடைத்துவிட்டால் கீழே உள்ளதைப் பார்க்கமாட்டார்கள். மனசில் முதலாக இருப்பதை முதலில் போடணும்.

அவள் ஒரு அரசுக் கல்லூரியின் சிவிலை முதலில் போட்டாள். அத்தானுக்காக நாலாவதாக ஒரு கம்ப்யூட்டர். அத்தான் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.