எரிபொருள் மூடியில் எழுதுவது யாருக்காக?

மாத்தூரிலிருந்து மணலிக்குப் போகும் சாலைகளில் டேங்கர் லாரிகளுக்குப் பஞ்சமே இல்லை. மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் 1969இல் உற்பத்தியைத் தொடங்கி இன்று சி.பி.சி.எல். என்று அறியப்படும் மணலி சுத்திகரிப்பு ஆலையில் பெட்ரோல், டீசல், ஜெட் விமானங்களுக்கான ஏ.டி.எஃப். எல்லாமே தயாராகின்றன. பெட்ரோல், டீசல் ஏற்றிய லாரியின் இரண்டு பக்கங்களிலும் பின்புறத்திலும் ஒரு பலகை இருக்கும். உள்ளே இருக்கும் சரக்கின் பெயர், அதற்கான ஐ.நா. எண், தீப்பற்றும் என்ற குறி, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும் என்கின்றன 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். எழுத்து எத்தனை மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது வரை அவை சொல்கின்றன. லாரி ஓட்டுநருக்கு இந்தப் பலகை தேவையில்லை. தான் எதை ஏற்றி வந்தோம் என்று அவருக்குத் தெரியும். வண்டி கவிழ்ந்து, ஓட்டுநர் பேச முடியாத நிலையில் கிடக்கும்போது ஓடிவரும் தீயணைப்பு வீரருக்காக எழுதப்பட்டது அது. விவரம் தெரியாமல் வந்து நிற்பவருக்காகவே லேபிள். வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் முதலில் மறந்துபோவது இதைத்தான்.

வீட்டில் விமானமா என்று கேட்கலாம். மும்பை விமானி அமோல் யாதவ் தன் அடுக்குமாடி வீட்டின் மொட்டைமாடியில் கட்டிய ஆறு இருக்கை விமானம் 2017இல் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திடம் பதிவு பெற்றது. ஆலப்புழையைச் சேர்ந்த அசோக் தாமராக்ஷன், கொரோனா ஊரடங்குக் காலத்தில் இங்கிலாந்தில் ஸ்லிங் டி.எஸ்.ஐ. என்ற நான்கு இருக்கை விமானத்தை உதிரிபாகத் தொகுப்பாக வாங்கித் தானே பூட்டி, 2022இல் குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றியது செய்தியானது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட விமானங்கள் ஆயிரக்கணக்கில் பறக்கின்றன. தொழிற்சாலை விமானத்துக்கு எந்த மூடியில் என்ன எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது: பெட்ரோல் வகை என்றால் அதன் பெயரும் குறைந்தபட்சத் தரமும், டர்பைன் என்றால் ஏற்கத்தக்க ஜெட் எரிபொருளின் பெயரும். அந்தச் சான்றிதழ் விதிகள் வீட்டில் கட்டியவற்றை நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. அங்கே எழுதுவதும் எழுதாமல் விடுவதும் பெரும்பாலும் கட்டியவரின் மனசாட்சியைப் பொறுத்தது.

மூடியில் எழுத்து இல்லாவிட்டால் என்ன ஆகும்? சிறிய விமானங்களின் பிஸ்டன் எஞ்சின்கள் பெரும்பாலும் குடிப்பது ஆவ்காஸ் என்ற உயர்ரக விமான பெட்ரோலை. ஜெட் எஞ்சின் குடிக்கும் ஏ.டி.எஃப். மண்ணெண்ணெய்க்கு உறவுக்காரன், பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டிய ஆக்டேன் அதில் இல்லை. அதை நிரப்பினால் எஞ்சின் உடனே நின்றுவிடாது என்பதுதான் வினை. குழாயில் மிச்சமிருக்கும் நல்ல எரிபொருளிலேயே எஞ்சின் கிளம்பும், ஓடுபாதை வரை போகும், மேலேயும் எழும்பும். புதிய கலவை சிலிண்டரை எட்டும்போது எரிதல் தாறுமாறாகி, சில நிமிடங்களில் எஞ்சின் தன்னையே உடைத்துக்கொள்ளும். பெட்ரோல் காரில் தவறி டீசல் போட்டால் வண்டி சாலையோரம் நிற்கும், மெக்கானிக் வந்து டேங்கைக் கழுவுவார். மேலே எழும்பிய விமானத்துக்கு ஓரம்கட்ட இடம் கிடையாது.

“என் விமானத்தை நானே கட்டினேன், நான்தான் ஓட்டுகிறேன். எனக்கு நானே எழுதி வைக்க வேண்டுமா?” என்பது இதற்கு வரும் முதல் மறுப்பு. 1997 அக்டோபர் 12 இதற்குப் பதில் சொல்கிறது. அன்று அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர், வேறொருவர் கட்டித் தான் அண்மையில் வாங்கியிருந்த லாங்-ஈ.இசட். விமானத்தில் கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். எந்த டேங்கிலிருந்து எரிபொருள் வர வேண்டும் என்பதை மாற்றும் கைப்பிடியை, வடிவமைப்பில் சொன்ன இடத்தில் வைக்காமல் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார் கட்டியவர். அது எந்தப் பக்கம் திரும்பினால் எந்த டேங்க் என்று எழுதப்படவில்லை. டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் அளவுக் குழாய்களிலும் குறிகள் இல்லை. பின்னால் திரும்பி அந்தக் கைப்பிடியை மாற்ற முயன்றபோது டென்வர் விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தார் என்றது அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். குறியில்லாத கைப்பிடி, அது இருந்த எளிதில் எட்டாத இடம், குறியில்லாத அளவுக் குழாய்கள், புதிய விமானத்தில் போதிய பயிற்சியின்மை எல்லாவற்றையும் காரணங்களில் சேர்த்தது. கட்டியவருக்கு அந்த எழுத்துகள் தேவைப்பட்டிருக்காது. விமானம் கை மாறியதும் அவர் மனத்தில் இருந்த குறிப்புகள் அதோடு போகவில்லை.

இரண்டாவது மறுப்பு வலுவானது: எழுதியிருந்தாலும் படிக்காதவர்களை என்ன செய்வது? 2019 அக்டோபர் 5 அன்று இண்டியானா மாநிலத்தின் கோகோமோவில் ஏரோஸ்டார் என்ற தொழிற்சாலை விமானம் விழுந்து அதன் விமானி இறந்தார். பார்வைக்கு ஜெட் போலிருக்கும் பிஸ்டன் விமானம் அது. ஜெட் எரிபொருள்தானே வேண்டும் என்று தான் இரண்டு முறை கேட்டதாகவும், விமானி ஆமாம் என்றதாகவும் நிரப்பிய ஊழியர் விசாரணையில் சொன்னார். ஜெட் எரிபொருள் நாசிலின் வாய் தட்டையாக, அகலமாக இருப்பது பெட்ரோல் டேங்கின் சிறிய துளைக்குள் நுழையக் கூடாது என்பதற்காகவே. அதையும் அவர் சாய்த்துத் துளைக்கு மேலே பிடித்து ஊற்றிவிட்டார். ஆக லேபிள் மட்டும் காப்பாற்றாது என்பது உண்மை. அதிலிருந்து லேபிள் வீண் என்ற முடிவுக்குப் போக முடியாது. பெட்ரோல் டேங்கின் வாய் 60 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, டர்பைன் விமானத்தின் வாய் 75 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதி வகுத்தவர்கள், எழுத்தையும் சேர்த்தே கட்டாயமாக்கினார்கள். ஒரு தடை தோற்கும் இடத்தில் அடுத்தது நிற்க வேண்டும் என்பது கணக்கு. வீட்டில் கட்டுகிறவர் துளையின் அளவையும் தானே முடிவு செய்கிறார் என்பதால், எழுத்தோடு அந்த அளவையும் கடைப்பிடிப்பது அவர் கையில்தான் இருக்கிறது.

நிறத்தைப் பார்த்தால் தெரியாதா என்பது மூன்றாவது. 100எல்.எல். ஆவ்காஸ் நீலம், ஏ.டி.எஃப். நிறமற்றது அல்லது வைக்கோல் மஞ்சள். தனித்தனியே வைத்தால் எவரும் சொல்லிவிடுவார்கள். பாதி டேங்கில் கலந்தபின் நீலம் வெளிறுமே ஒழிய மறையாது. இந்தியாவில் இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. ஸ்லிங் டி.எஸ்.ஐ.யில் பொருத்தப்படும் ரோட்டக்ஸ் 915 எஞ்சின் கார் பெட்ரோலையும் ஏற்கும், ஆனால் பத்து சதவீத எத்தனால் வரைதான். நம் பங்க்குகளில் இன்று கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலின் அளவு கண்ணுக்குத் தெரியாது. வாகனம் அந்தக் கலவைக்கு ஏற்றதா என்று ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என 2021இல் அரசு அறிவித்தது. அப்படிப்பட்ட எஞ்சினைக் கொண்ட விமானத்தின் மூடியருகே வெறுமனே ‘பெட்ரோல்’ என்று எழுதுவது பாதி உண்மை. அது முழுப் பொய்யைவிட ஆபத்தானது, ஏனென்றால் படிப்பவர் அதை நம்புவார்.

ஆகவே என்ன எழுத வேண்டும் என்பது தெளிவு: எரிபொருளின் பெயர், குறைந்தபட்சத் தரம், எத்தனாலுக்கு உச்சவரம்பு, டேங்கின் கொள்ளளவு. கொள்ளளவிலும் எஞ்சினுக்கு உண்மையில் போய்ச்சேரும் அளவைத்தான் எழுத வேண்டும். அடியில் தங்கி வெளியே வராத எரிபொருள் கணக்கில் சேராது. லிட்டரா கேலனா என்று குறிப்பிடாத எண் எண்ணே இல்லை. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். எங்கே எழுதுவது என்பதும் முக்கியம். மூடியில் மட்டும் எழுதினால், நிரப்பும் நேரத்தில் அது கழற்றிவைக்கப்பட்டிருக்கும். இரண்டு டேங்க்குக்கும் ஒரே வகை மூடி என்றால் இடது வலது மாறியும் போகும். மூடியைச் சுற்றியுள்ள இறக்கைப் பரப்பிலேயே எழுத வேண்டும். சிந்தும் பெட்ரோல் சாதாரண ஸ்டிக்கரின் பசையைக் கரைத்துவிடுமாதலால், எழுத்தின் மேல் எரிபொருளைத் தாங்கும் பூச்சு வேண்டும். ஆவ்காஸுக்குச் சிவப்பு, ஜெட்டுக்குக் கறுப்பு என்று விமானநிலையங்களில் பழக்கமான லேபிள் நிறங்கள் இருக்கும்போது, விமானத்தின் அழகுக்குப் பொருந்தும் நிறத்தைத் தேடுவது வீண் வேலை.

எழுதியது போதுமா என்று கட்டியவரே தீர்மானிக்க முடியாது. அவர் கண்ணுக்கு எல்லாமே விளங்கும். அந்த விமானத்தை அதுவரை பார்த்தே இராத ஒருவரை அழைத்து, இதில் எதை, எவ்வளவு, எந்த டேங்கில் ஊற்றுவீர்கள் என்று கேட்க வேண்டும். அவர் தயங்கினாலோ, கட்டியவரைத் திரும்பிப் பார்த்தாலோ எழுத்தைத் திருத்த வேண்டும். பல ஆண்டு உழைப்பில் ஒரு விமானத்தையே கட்டி முடித்தவருக்கு இந்தச் சோதனை அரைமணி நேர வேலை.