பென்சிலுக்குச் சொந்த ஊர்

“டீச்சர், லெட் உடைஞ்சிட்டு.”

31 வருஷம் ஓவிய வகுப்பில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இதைக் கேட்டிருப்பேன். பிளேடை எடுத்துச் சீவிக் கொடுத்துவிட்டு அடுத்த பிள்ளையைப் பார்க்கப் போய்விடுவேன். லெட் என்றால் ஈயம். பென்சிலுக்குள் ஈயம் ஒரு துளிகூடக் கிடையாது, இருப்பது கிராஃபைட் என்கிற கரி. பிறகு ஏன் அதற்கு லெட் என்று பேர் வந்தது? எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஓய்வு பெற்றபின், மான்செஸ்டரில் வேலை பார்க்கும் மகளோடு மூன்று மாதம் இருக்கப் போனேன். அவள் மேஜையில் ‘டெர்வென்ட்’ என்று பேர் போட்ட பென்சில் டப்பா ஒன்று இருந்தது.

“இது ஒரு ஆத்தோட பேரும்மா. அங்க இருக்கிற ஏரிக்கும் அதே பேருதான். அந்த ஏரிக்கரை ஊர்லதான் இந்தப் பென்சில செஞ்சாங்க. ஒரு நாள் போவமா?” என்றாள்.

ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினோம். பென்ரித் வரைக்கும் ரயில், அங்கிருந்து முக்கால் மணி நேரம் பஸ். இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் ஏரி மாவட்டம் என்று சொல்லப்படும் மலைநாட்டில் இருக்கிறது கெஸ்விக். எழுதுவதுதான் கெஸ்விக், ஊர்க்காரர்கள் ‘கெஸிக்’ என்றே சொல்கிறார்கள். பாலாடைக்கட்டி செய்யும் பண்ணை என்பது அந்தப் பழைய பேருக்கு அர்த்தம். வடக்கே 931 மீட்டர் உயர ஸ்கிடா மலை ஊரின் முதுகில் சாய்ந்தாற்போல நிற்கிறது. தெற்கே பத்து நிமிஷம் நடந்தால் டெர்வென்ட்வாட்டர் ஏரி. நடுவே கிரேட்டா ஆறு ஓடுகிறது. இவ்வளவுக்கும் நடுவில் சுமார் ஐயாயிரம் பேர் வசிக்கிறார்கள்.

இந்த ஊர்ச் சந்தைக்கு வயது ஏறத்தாழ 750. 1276ல் முதலாம் எட்வர்ட் மன்னர் இங்கே சந்தை கூட்டிக்கொள்ள உரிமை கொடுத்தார். சனிக்கிழமைச் சந்தை இன்றைக்கும் அதே தெருவில் கூடுகிறது, வியாழக்கிழமையும் உண்டு. தெரு நடுவில் கோயில் மாதிரி கோபுரம் வைத்த ஒரு கட்டடம், மூட் ஹால். ஊர்ப் பொதுக்காரியங்களுக்கான மண்டபம் அது. இப்போது இருக்கும் கட்டடம் 1813ல் எழும்பியது. அதன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நான் ரொம்ப நேரம் நின்றேன். அதில் ஒரே ஒரு முள்தான். மணி முள் மட்டும் உண்டு, நிமிஷ முள் இல்லை. பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் முள் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்து நாமே நேரத்தைக் கணித்துக்கொள்ள வேண்டும். முதலில் தடுமாறினேன். கால் மணி நேரம் நின்று அதை வரைந்ததில் கண் பழகிவிட்டது. ஆடு விற்க வந்தவனுக்கும் கம்பளி வாங்க வந்தவளுக்கும் அதற்குமேல் துல்லியம் வேண்டியிருந்திருக்காது.

சனிக்கிழமை அந்தக் கடிகாரத்துக்குக் கீழே துணிக்கூரை போட்ட கடைகள். ரொட்டி, பாலாடைக்கட்டி, பூச்செடி, ஜிலேபி மாதிரி சுருட்டி வைத்த கம்பர்லாந்து சாசேஜ். ஒரு கடையில் ஹெர்ட்விக் ஆட்டுக் கம்பளி நூல் விற்றார்கள். கையில் எடுத்தால் தென்னை நாரைப்போல முரடாக உறுத்தியது. அந்த ஆட்டுக்குட்டி பிறக்கும்போது கறுப்பு, வளர வளரச் சாம்பல் நிறம் ஆகிறது. எந்த மலைச்சரிவு தன்னுடையது என்று தாயிடமிருந்தே குட்டி கற்றுக்கொள்ளும், வேலி இல்லாமலே அங்கேயே மேயும். மேய்ப்பர்கள் ஆட்டை எண்ணுவதற்குத் தனி எண்களே வைத்திருந்தார்கள்: யான், டியான், டெத்தெரா, மெத்தெரா, பிம்ப். பிம்ப் என்றால் ஐந்து.

அந்த ஆடுகளிலிருந்துதான் பென்சில் கதையும் தொடங்குகிறது.

ஏரிக்குத் தெற்கே பாரோடேல் என்றொரு பள்ளத்தாக்கு, அதன் கடைக்கோடியில் சீத்வெய்ட் என்கிற குக்கிராமம். 16ஆம் நூற்றாண்டில் அங்கே புயலில் ஒரு மரம் வேரோடு சாய்ந்ததாகவும், வேரடியில் கன்னங்கரேலென்று மினுமினுக்கும் ஒரு பொருளை மேய்ப்பர்கள் கண்டதாகவும் சொல்கிறார்கள். தொட்டால் கையில் ஒட்டியது, தேய்த்தால் கோடு விழுந்தது. முதலில் அவர்கள் அதை வைத்து ஆட்டுக்கு அடையாளம் போட்டார்கள். ‘வாட்’ என்று பேர் வைத்தார்கள். படித்தவர்கள் அதை ஈயத்தின் ஒரு வகை என்று நினைத்துக் கறுப்பு ஈயம் என்றார்கள். அது கரி என்று வேதியியல் கண்டுபிடித்துச் சொன்னது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதற்குள் லெட் என்கிற பேர் வாயில் ஒட்டிக்கொண்டது. என் வகுப்புப் பிள்ளைகள் வாய்வரைக்கும் வந்துவிட்டது.

கிராஃபைட் உலகத்தில் பல இடத்தில் கிடைக்கிறது. நம் சிவகங்கையிலேயே கிடைக்கிறது, அரசின் டாமின் நிறுவனம் தோண்டி எடுக்கிறது. ஆனால் பெரும்பாலான இடங்களில் பாறையோடு கலந்து செதில் செதிலாகத்தான் இருக்கும், பொடித்துப் பிரித்தெடுக்க வேண்டும். சீத்வெய்ட்டில் சுத்தமான கட்டியாகவே கிடைத்தது. ரம்பம் போட்டுக் குச்சி குச்சியாக அறுக்கலாம். அறுத்து மரத்துக்குள் வைத்து ஒட்டினால் பென்சில் தயார். அப்படிக் கட்டியாக, அவ்வளவு பெரிய அளவில் வேறெங்கும் கிடைக்கவில்லை.

பென்சிலுக்காக மட்டும் என்றால் இதற்கு அவ்வளவு மவுசு வந்திருக்காது. பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சின் உட்புறம் இதைப் பூசினால் குண்டு வழவழப்பாக வந்தது, குறி தப்பாமல் போனது. விலை எகிறியது. சுரங்க வாயிலில் காவல் வீடு கட்டினார்கள். வேலை முடிந்து வெளியே வருகிறவர்களைச் சோதனை போட்டே அனுப்பினார்கள். தேவையான அளவுக்குத் தோண்டிவிட்டு, திருடர்கள் நுழையாதபடி சுரங்கத்தில் தண்ணீரை விட்டுவிடுவதும் உண்டாம். 1752ல் இதைத் திருடுவது பெருங்குற்றம் என்று பாராளுமன்றமே சட்டம் போட்டது. பிடிபட்டவனுக்குக் கடுங்காவல், அல்லது கடல் தாண்டி நாடுகடத்தல். சட்டைப் பையில் போட்டு வந்த ஒரு பென்சில் கரிக்கு!

கெஸ்விக்கில் உள்ள டெர்வென்ட் பென்சில் அருங்காட்சியகத்தில் ஒரு கட்டி கிராஃபைட்டைப் பார்த்தேன். ஈரக் களிமண்ணைப் போல ஒரு மங்கிய மினுமினுப்பு. என் இடது கை சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கையில் எப்போதும் இருக்கும் கறை அதே நிறம். நான் இடது கைக்காரி, வரையும்போது கை கோட்டின் மேலேயே உரசிப் போகும். எத்தனை சோப்பு போட்டாலும் சாயங்காலம் வரை போகாத அந்தக் கறைக்கு ஒரு மலை உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஊரில் முதல் பென்சில் ஆலை 1832ல் வந்தது. அதற்கு முன்பே இங்கிலாந்தின் தனி ஆதிக்கம் ஆட்டம் கண்டிருந்தது. பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டு பிரெஞ்சுக்காரர்களுக்குப் பாரோடேல் சரக்கு கிடைக்காமல் போனபோது, நிக்கோலா ஜாக் கோன்டே என்பவர் மட்டமான கிராஃபைட்டைப் பொடித்துக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுட்டார். 1795ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். களிமண் கூடினால் கடினம், குறைந்தால் கறுப்பு. நாம் கடையில் கேட்டு வாங்கும் எச்.பி., 2பி, 4பி எல்லாம் அந்தப் பிசைதலின் அளவுதான். ‘2பி கொண்டு வாங்க’ என்று கரும்பலகையில் எழுதிய கையால், அதைக் கண்டுபிடித்தவர் பேரையும் ஒரு நாள் எழுதியிருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு உண்டு.

அருங்காட்சியகத்தில் 26 அடி நீள மஞ்சள் வண்ணப் பென்சில் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். குழந்தைகள் அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். என் மனம் போனது இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பச்சைப் பென்சிலிடம். பார்க்கச் சாதாரணப் பென்சில். மரத்தைக் குடைந்து, உள்ளே மெல்லிய காகிதத்தில் அச்சிட்ட வரைபடத்தைச் சுருட்டி வைத்து, அழிப்பான் அடியில் ஒரு குட்டித் திசைகாட்டியை ஒளித்து வைத்திருக்கிறார்கள். எதிரி நாட்டில் விழுந்துவிட்ட விமானப்படை வீரன் வழி கண்டுபிடித்துத் தப்பி வருவதற்காக. ஆலை மேலாளர்கள் சிலர் மட்டும், தொழிலாளர்களுக்குக்கூடத் தெரியாமல், வேலை நேரம் முடிந்தபிறகு இதைச் செய்தார்கள். மறுமுனையைச் சீவினால் எழுதவும் செய்யும்.

ஆலை 2008ல் ஊரைவிட்டுக் கடற்கரைப் பக்கம் வொர்க்கிங்டனுக்குப் போய்விட்டது. அருங்காட்சியகம் மட்டும் ஆற்றங்கரையிலேயே தங்கிவிட்டது, அதற்கு விலையும் கொடுத்தது. 2015 டிசம்பர் 5ஆம் தேதி டெஸ்மண்ட் புயலில், பக்கத்து ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் மழை கொட்டியது. கிரேட்டா கரை புரண்டது. அருங்காட்சியகம் மறுபடி திறக்க 2017 ஆகிவிட்டது. வெள்ளத்துக்கு முன்பே ஆற்றோரம் தடுப்புச்சுவர் எழுப்பியிருந்தார்கள். அதன் மேல்பாகத்தில் கண்ணாடிப் பலகை பதித்திருக்கிறது. சுவர் வேண்டும், ஆனால் ஆறு கண்ணை விட்டு மறையக்கூடாது என்று ஊரார் கேட்டு வாங்கியது அது. 2015ல் தண்ணீர் அந்தச் சுவரையும் தாண்டியது. கண்ணாடி இன்றும் இருக்கிறது. நான் அதன் வழியே ஆற்றைப் பார்த்தேன்.

ஊரில் கவிஞர்கள் வாழ்ந்த வீடும் உண்டு. கிரேட்டா ஹாலில் கோல்ரிட்ஜ் மூன்று வருஷம் இருந்தார், அவரைப் பார்க்க வந்த சௌதி 40 வருஷம் இருந்துவிட்டார். பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் மூன்று கரடிக் கதையை 1837ல் அச்சில் கொண்டுவந்தவர் அந்தச் சௌதி.

இந்த ஊருக்கும் எங்கள் திருநெல்வேலிக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1875 முதல் வருஷாவருஷம் இங்கே பெரிய கிறிஸ்தவ மாநாடு கூடுகிறது, கெஸ்விக் மாநாடு என்றே பேர். அதை ஆரம்பித்தவர்களில் ஒருவர் ராபர்ட் வில்சன். அவர் தன் மகளைப்போல ஏற்றுக்கொண்ட பெண் ஏமி கார்மைக்கேல். மாநாட்டின் ஆதரவில் ஜப்பானுக்குப் போய், பின்பு 1895ல் இந்தியா வந்து, எங்கள் பக்கத்து டோனாவூரில் ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்கு வீடு அமைத்து, 1951ல் அங்கேயே கண்மூடினார். என் பெரியம்மா டோனாவூர் ஆஸ்பத்திரியில்தான் பிள்ளை பெற்றாள். ‘ஏமி அம்மா’ என்றுதான் அவள் சொல்வாள். அந்த அம்மா நடந்த தெருவில் நானும் நடக்கிறேன் என்று நினைத்தபோது, பெரியம்மா உயிரோடு இருந்தால் ஊருக்குப் போனதும் சொல்லலாமே என்றிருந்தது.

வந்த அன்று சாயங்காலம் காஸில்ரிக் மேட்டுக்கு ஏறினோம். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம். சுமார் 5,000 வருஷத்துக்கு முன் வட்டமாக நட்ட கற்கள், சுற்றிலும் மலை. இங்கிலாந்து முழுக்கப் பரவிய கல் கோடாரிகளில் பல இந்த மலைகளில் செதுக்கப்பட்டவை. அந்த வியாபாரத்துக்காக ஆட்கள் கூடிய இடமாக இது இருந்திருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. அப்படியானால் மன்னர் உரிமை கொடுப்பதற்கு வெகு காலம் முன்பே இந்த ஊரில் சந்தை இருந்திருக்கிறது.

மறுநாள் சந்தையை முடித்துக்கொண்டு மத்தியானம் ஏரிக்குப் போனோம். குடையை எடுத்தேன்.

“யம்மா, குடைய வச்சிருங்க. காத்து புடுங்கிட்டுப் போயிரும். ரெயின்கோட் போடுங்க.”

ஏரியைச் சுற்றிப் படகு போகிறது, வேண்டிய துறையில் இறங்கிக்கொள்ளலாம். நாங்கள் மேற்குக் கரையில் பிராண்டல்ஹோவில் இறங்கினோம். 108 ஏக்கர் காடும் கரையும். நூறு வருஷத்துக்கும் முன்பு இது விலைக்கு வந்தது. யாராவது வாங்கி மாளிகைகள் கட்டி வேலி போட்டிருந்தால் ஊராருக்கு ஏரியின் இந்தக் கரை இல்லாமல் போயிருக்கும். ஊர்த் தேவாலயத்தில் குருவாக இருந்த ஹார்ட்விக் ரான்ஸ்லி, நேஷனல் டிரஸ்ட் என்கிற பாதுகாப்பு அமைப்பை 1895ல் நிறுவிய மூவரில் ஒருவர். அவர் ஊர் ஊராக வேண்டுகோள் விட்டார். ஆலைத் தொழிலாளிகள்கூடத் தங்களால் முடிந்த சில்லறையை அனுப்பினார்கள். 6,500 பவுண்டு சேர்ந்தது. 1902ல் இந்தக் காடு எல்லாருக்கும் என்று திறந்துவிடப்பட்டது. சுரங்கம், ஆலை எல்லாம் பணம் கொடுத்த வரைக்கும் கொடுத்தன. இன்றைக்கு இந்த ஊரைப் பிழைக்க வைப்பது, அன்றைக்கு விற்காமல் காப்பாற்றிய இந்தக் கரைதான் என்பது என் எண்ணம். டிக்கெட் இல்லை, வாசல் இல்லை. ஆடு மேய்ப்பவரும் போகலாம், மான்செஸ்டரிலிருந்து வந்த நானும் போகலாம்.

காட்டுப் பாதையில் இரண்டு பெரிய மரக்கைகள் விரிந்து கிடக்கின்றன. நூறாவது ஆண்டு நினைவாக ஓக் மரத்தில் செதுக்கியவை. எதையோ வாங்கிக்கொள்வது போல, அல்லது கொடுப்பது போல, உள்ளங்கை மேலே பார்த்திருக்கிறது. விரல் இடுக்கில் பாசி. உட்கார்ந்து உட்கார்ந்து உள்ளங்கைக் குழி வழவழவென்றிருந்தது.

பிள்ளைகள் ஆள் படம் வரையும்போது கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவிடுவார்கள், வரையக் கஷ்டம் என்று. நான் விடமாட்டேன். ‘முதல்ல உள்ளங்கைய வரை, விரல் தானா வரும்’ என்பேன். மகளுடைய டப்பாவிலிருந்து 4பி எடுத்துக்கொண்டு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தேன். இடது உள்ளங்கை முடிந்தது. வலது கையின் கட்டைவிரல் தொடங்கும்போது ஸ்கிடா பக்கமிருந்து தூறல் வந்தது. தாளில் நாலைந்து துளி விழுந்து கோடு கலங்கியது. மகள் ரெயின்கோட்டைக் கழற்றி என் தலைக்கு மேலே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

“நீங்க வரைங்கம்மா. கடைசிப் படகுக்கு இன்னும் நேரம் இருக்கு.”