கேமராவை எப்போது மாற்றுவது? தேவிகுளத்தில் போட்ட கணக்கு

இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் வட்டத்தில் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்த பூப்பு 2030இல். முதல் பூப்பின்போது மலையேறிய ஆர்வலரின் தோளில் பெரும்பாலும் எட்டு அல்லது பத்து மெகாபிக்சல் கேமரா தொங்கியது. இரண்டாம் பூப்புக்குள் அது இருபத்துநான்காகவும் நாற்பத்தைந்தாகவும் வளர்ந்திருந்தது. செடி ஒருமுறை பூக்கும் காலத்தில் கேமரா நிறுவனங்கள் நான்கைந்து தலைமுறைகளைச் சந்தைக்கு அனுப்பிவிடுகின்றன. அவற்றுள் எதை வாங்குவது என்பதைவிட, எதையெல்லாம் வாங்காமல் விடுவது என்பதே நம்மைப் போன்றோருக்குக் கடினமான கேள்வி.

2018இல் அக்கேள்விக்கு நாம் தவறான விடை கண்டோம். குறிஞ்சியை எண்ணி, பழைய கேமராவைக் கொடுத்துவிட்டுப் புதிய பாடி ஒன்றைப் பன்னிரண்டு மாதத் தவணையில் வாங்கினோம். லென்ஸ் மட்டும் பழையது. அவ்வாண்டு ஆகஸ்டு வெள்ளத்தில் மூணாறை அடுத்த பெரியவரைப் பாலம் இடிந்தது. மழை ஓய்ந்த பின்னர் தேவிகுளத்தில் தங்கி நான்கு நாட்கள் சரிவுகளில் அலைந்தோம். ஊர் திரும்பிப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, வெயிலை எதிர்நோக்கி எடுத்தவை அனைத்திலும் வெண்மையான புகை படர்ந்திருந்தது. லென்ஸின் உட்கண்ணாடியில் பூஞ்சை. புதிய சென்சார் அந்தப் பூஞ்சையை முன்னைவிடத் துல்லியமாகப் பதிவு செய்திருந்தது. வேறு பயன் எதுவும் விளையவில்லை. தவணை மட்டும் அடுத்த கோடை வரை தொடர்ந்தது.

பின்னர் ஒருமுறை தேவிகுளத்துத் திருமணப் புகைப்படக் கலைஞர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுபவர். நம் கதையைக் கேட்டுச் சிரிக்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு திருமணம் முடிந்ததும், கைவிட்டுப்போன படம் எது, ஏன் போயிற்று என்று அதில் ஒரு வரி எழுதி வைக்கிறார். “இருட்டு”, “ஃபோகஸ் பின்னால் போயிற்று”, “மழை, வெளியே எடுக்க முடியவில்லை”, “என் தவறு”. அந்தக் கடைசிக் காரணமே அதிகம் இருந்ததை அவர் மறைக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போவதாகச் சொன்னார்.

“இருட்டு” என்ற வரியையே எடுத்துக்கொள்வோம். தோட்டத்துச் சமுதாயக் கூடங்களில் வெளிச்சம் குறைவு. மலையில் மூடுபனி இறங்கினால் நண்பகலும் மாலையாகிவிடும். இதற்குப் புதிய பாடிதான் மருந்து என்று விளம்பரங்கள் சொல்கின்றன. கணக்கு வேறு சொல்கிறது. ஏபிஎஸ்-சி அளவுச் சென்சாரிலிருந்து ஃபுல் ஃபிரேமுக்கு மாறினால் ஒளியை வாங்கும் பரப்பு ஏறத்தாழ இரண்டே கால் மடங்காகிறது. ஆனால் கேமராவோடு வரும் சாதாரண ஜூம் லென்ஸை முழுதும் நீட்டினால் அதன் துளை எஃப் 5.6; அதைக் கழற்றிவிட்டு எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைப் பொருத்தினால் உள்ளே வரும் ஒளி ஏறக்குறைய பத்து மடங்கு. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், பல நிறுவனங்களின் பட்டியலில் விலை குறைந்தவற்றுள் ஒன்று. அவர் முதலில் வாங்கியது அதைத்தான். நல்ல லென்ஸ் பல ஆண்டுகள் விலை குறையாமல் நிற்கும். பாடியோ அடுத்த மாடல் வந்த அன்றே மதிப்பிழக்கும்.

மெகாபிக்சலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 12-க்கு 18 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளியில் அச்சிட ஏறத்தாழ இருபது மெகாபிக்சல் போதும்.

அப்படியானால் அவர் பாடியை மாற்றவே இல்லையா? மாற்றினார். நோட்டில் இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்ப வந்த பிறகு. ஒன்று, கார்டு ஒருமுறை பழுதாகி ஒரு வீட்டுத் தாலிகட்டுப் படங்கள் போயின. பழைய பாடியில் ஒரே கார்டுதான் போட முடியும். அந்த வீட்டாருக்கு அவர் திருப்பிக் கொடுத்த பணம் பெரிதல்ல; அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்திலிருந்து ஈராண்டு எவரும் அழைக்கவில்லை என்பதே இழப்பு. மற்றொன்று ஷட்டர். கேனான் 5டி மார்க் 3-இன் ஷட்டர் 1,50,000 முறையும், நிக்கான் டி850-இன் ஷட்டர் 2,00,000 முறையும் இயங்கும்படி சோதிக்கப்பட்டவை. ஒரு திருமணத்துக்கு 2,000 படம், ஆண்டுக்கு 40 திருமணம் என்றால் ஆண்டுக்கு 80,000. முதல் வகை ஈராண்டில் எல்லையைத் தொடும். ஆண்டுக்கு 5,000 படம் எடுக்கும் நமக்கோ அதே எல்லைக்கு முப்பது ஆண்டு. தவிரவும், ஷட்டரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். உதிரிபாகம் கிடைக்கும் வரையில் அது புதிய பாடியைவிட மிகவும் மலிவு.

கேனானும் நிக்கானும் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமராக்களைக் கொண்டுவந்தது அதே 2018இல். இரண்டிலும் மௌன்ட் புதியது. பழைய லென்ஸை அடாப்டர் மூலம் பொருத்தலாம் என்பது உண்மை; ஆனால் மோட்டார் இல்லாத பழைய நிக்கான் லென்ஸ்களுக்கு எஃப்டிஇசட் அடாப்டரில் தானியங்கி ஃபோகஸ் இயங்காது. ஆகவே பாடியின் விலையை மட்டும் பாராமல், அதன் பின்னால் வரிசையாக வரவிருக்கும் லென்ஸ்களின் விலையையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

பணத்துக்கு வருவோம். கேமராவால் பிழைப்பவருக்குக் கடன் தவறில்லை. முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையிலும், கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரையிலும் பிணையின்றிக் கடன் பெற வழியுண்டு. முறையாகக் கணக்கு எழுதுபவர் தொழிலுக்கு வாங்கிய கேமராவின் மீது ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் காட்டலாம். வாங்கிய ஆண்டில் 180 நாட்களுக்கும் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதி. மாதத் தவணையைப் புதிய பாடி கொண்டுவரும் கூடுதல் வேலையே கட்டிவிடுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய பாடி கொண்டுவந்த வருமானத்தை அந்தக் கணக்கில் சேர்ப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர் கடன் வாங்க வேண்டாம் என்பதே நம் எண்ணம். வங்கியின் இதழில் இப்படி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். வட்டியில்லாத் தவணை என்று சொல்லப்படுபவற்றில் செயலாக்கக் கட்டணமும், ரொக்கமாக வாங்கியிருந்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடியும் ஒளிந்திருக்கும். மாதம் 2,500 ரூபாய் தொடர் வைப்பில் போட்டால் முப்பத்தாறு மாதத்தில் அசலே 90,000. அந்த மூன்று ஆண்டில், ஆசைப்பட்ட மாடலின் விலையும் இறங்கியிருக்கும். ஆசையும் இறங்கியிருக்கக் கூடும்.

நம் பழைய லென்ஸைச் சுத்தம் செய்து வாங்கினோம். இப்போது அது சிலிக்கா ஜெல்லும் ஈரமானியும் வைத்த காற்றுப்புகாப் பெட்டியில் இருக்கிறது. ஈரப்பதம் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் நிற்கிறதா என்று மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பார்க்கிறோம். 2018இல் வாங்கிய பாடியும் கூடவே இருக்கிறது. நோட்டு ஒன்றும் தொடங்கியிருக்கிறோம். இதுவரை எழுதிய பதினேழு வரிகளில் பாடியின் மீது குறை சொல்லும் வரிகள் இரண்டு.