யாரும் தொடாத லிவர்

கரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பழைய மாஸியில் சீட்டுக்கு வலப்புறம் இரண்டு ஹைட்ராலிக் லிவர் இருக்கின்றன. டிரைவர் ஒன்றைத்தான் தொடுகிறார். இன்னொன்று எதற்கு?"

டிரைவர் தொடுவது பொசிஷன் கண்ட்ரோல். கலப்பையைத் தூக்க, இறக்க, வேண்டிய உயரத்தில் நிறுத்த. தொடாமல் விடுவது டிராஃப்ட் கண்ட்ரோல். வேடிக்கை என்னவென்றால், அந்த டிராக்டர் வம்சமே பிறந்தது இந்த இரண்டாவது லிவர் செய்கிற வேலைக்காகத்தான்.

அந்த வம்சத்தைத் தொடங்கிய ஹாரி ஃபெர்கூசன் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்து விவசாயியின் மகன். 1909ஆம் ஆண்டின் கடைசி நாளில், தானே கட்டிய விமானத்தில் பறந்து காட்டியவர். அவர் காலத்து டிராக்டர், மாட்டுக்குப் பதிலாகக் கலப்பையை இழுத்துப்போகும் இயந்திரம், அவ்வளவுதான். ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன் டிராக்டர் இழுக்கும் கலப்பை வேரிலோ பாறையிலோ மாட்டிக்கொண்டால் பின்சக்கரம் நின்றுவிடும்; எஞ்சின் நிற்காது. அந்த விசை முன்பக்கத்தை அப்படியே தூக்கி, ஓட்டுபவர் மேலேயே கவிழ்த்துவிடும். உயிரை விட்டவர்கள் பலர்.

ஃபெர்கூசன் கலப்பையை டிராக்டரோடு மூன்று இடங்களில் பிணைத்தார். கீழே இரண்டு கைகள் இழுக்கும். மேலே டாப் லிங்க். மண்ணுக்குள் போகும் கலப்பை முன்னால் குப்புறச் சாயப் பார்க்கும். அந்தச் சாய்வு டாப் லிங்க் வழியாக டிராக்டரை முன்னோக்கித் தள்ளும். முன்சக்கரம் எழாது. டாப் லிங்க் முட்டுகிற இடத்தில் தடித்த ஸ்பிரிங் ஒன்றை வைத்து, அதன் அசைவை ஹைட்ராலிக் வால்வோடு இணைத்தார். மண் இறுகினால் தள்ளு கூடும், ஸ்பிரிங் அமுங்கும், கலப்பை கொஞ்சம் எழும். மண் இளகினால் அதுவே இறங்கிக்கொள்ளும். இதுதான் டிராஃப்ட் கண்ட்ரோல். என் தாத்தா ஏர் ஓட்டும்போது பேச்சு வரப்பில் நிற்பவரோடு இருக்கும், கை மட்டும் மேழியில் தனியாக வேலை செய்யும்: இறுகிய இடத்தில் தளரும், இளகிய இடத்தில் அழுந்தும். அந்தக் கையைத்தான் ஃபெர்கூசன் ஸ்பிரிங்காக வார்த்திருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் உச்சக்கட்டம். கலப்பை புதைந்த பாறையில் மோதினால் ஸ்பிரிங் ஒரேயடியாக அமுங்கும். வால்வு எண்ணெயைத் திறந்துவிடும். அதுவரை கலப்பையின் பளுவும் அதன் மேல் புரளும் மண்ணின் பளுவும் ஹைட்ராலிக் வழியாகப் பின்சக்கரங்களை அழுத்திக்கொண்டிருந்தன. ஏறக்குறைய ஒரு டன்னும் சில்லறையும் எடையுள்ள குட்டி டிராக்டர் தன் எடையை மீறி இழுத்ததன் ரகசியமே அந்தப் பளுதான். எண்ணெய் வெளியேறியதும் பளு போய்விடும், பிடி போய்விடும், சக்கரம் சும்மா சுழலும். கலப்பை உடையாது, டிராக்டர் கவிழாது. இத்தனைக்கும் ஒரு மின்கம்பிகூடக் கிடையாது.

1938இல் அமெரிக்காவின் டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டுக்கு இதை இயக்கிக் காட்டினார். கை குலுக்கலோடு ஒப்பந்தம் முடிந்தது, எழுத்து ஒன்றும் இல்லை. 1939இல் ஃபோர்டு 9என் டிராக்டர் வந்தது. ஃபோர்டின் பேரன் பொறுப்புக்கு வந்ததும் உறவு முறிந்தது, ஃபெர்கூசன் வழக்குப் போட்டார், 1952இல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசம். இதற்குள் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஃபெர்கூசனுடைய சொந்த டிராக்டர் டிஈ20 உருவாகிக்கொண்டிருந்தது. 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல்.

ஃபோர்டு, ஃபெர்கூசன் என்ற இந்த இரண்டு வழித்தோன்றல்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது சுவையான வேலை. டிஈ20இல் இருந்தது டிராஃப்ட் கண்ட்ரோல் மட்டும். மண்ணில் படாத சாமானைப் பாதி உயரத்தில் நிறுத்தச் சங்கிலி கட்ட வேண்டும். 1947இல் வந்த ஃபோர்டு 8என் இரண்டையும் கொடுத்தது. ஆனால் இரண்டிலும் பம்ப் ஓடுவது, கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டில். கிளட்சை மிதித்தால் லிஃப்டும் செத்துவிடும். வால்வு பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருந்தது. தேவையில்லாதபோது எண்ணெயே உள்ளே போகாது, வீண் சூடு கிடையாது. சமரசத்துக்குப் பிறகு அந்த ஏற்பாட்டை ஃபோர்டு கைவிட வேண்டியதாயிற்று. 1953இன் ஜூபிலி மாடலில் பம்ப் எஞ்சினோடு இணைந்தது, கிளட்சை மிதித்தாலும் லிஃப்ட் வேலை செய்தது. தோற்றவருக்குத்தான் ஒரு விதத்தில் லாபம். ஃபெர்கூசன் பக்கம் இந்த வசதி, 35 மாடலின் இரட்டைக் கிளட்ச் வகைகளில் வந்து சேர்ந்தது. 1951இன் ஃபோர்ட்சன் மேஜர் எஞ்சினில் மலை, ஆனால் லிஃப்டில் டிராஃப்ட் கிடையாது. உழவுக்கு என்று கேட்டால் என் ஓட்டு ஃபெர்கூசனுக்கு.

கட்டுமானத்திலும் அப்படித்தான். 8என்னின் எஞ்சின் பழைய பாணி சைடு வால்வு. டிஈ20இல் பொருத்திய ஸ்டாண்டர்டு எஞ்சினில் லைனர்களைக் கழற்றி மாற்றலாம், பிளாக்கைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓட வேண்டாம். வயலில் செய்யும் சரிசெய்தல்களுக்கு ஒரே ஸ்பேனர் போதும்படி நட்டுகளை அமைத்தார்கள். அந்த ஸ்பேனரிலேயே அங்குல அளவும் பொறித்திருக்கும், சால் அளக்க!

1960இல், ஃபெர்கூசன் பெயரைத் தாங்கிய மாஸி ஃபெர்கூசனோடு தொழில்நுட்பக் கூட்டில் சென்னையில் டாஃபே டிராக்டர் நிறுவனம் தொடங்கியது. இரண்டாவது லிவர் கரூருக்கு வந்த வழி அது. ரொட்டவேட்டருக்குப் பொசிஷன்தான் சரி. சட்டிக் கலப்பைக்கும் இறக்கைக் கலப்பைக்கும் டிராஃப்ட் லிவரைப் பழகுங்கள்.

பழைய டிராக்டர் வாங்குபவர்கள் பெயிண்டைப் பார்க்கிறார்கள். கலப்பையைத் தூக்கி எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு டீ குடித்து வந்து பாருங்கள். அது தரையில் உட்கார்ந்திருந்தால் உள்ளே கசிவு. எஞ்சின் ஓடும்போது கைகள் தலையாட்டினாலும் அதே நோய். கியர் பாக்ஸ், பின் அச்சு, ஹைட்ராலிக் மூன்றுக்கும் இந்த வகையில் ஒரே எண்ணெய். சேற்றுழவில் நீர் புகுந்து எண்ணெய் வெளுத்தால், கியருக்கு மட்டுமல்ல, பம்புக்கும் கேடு. மாற்றாமல் மேலே ஊற்றிக்கொண்டே போகும் பழக்கம் எத்தனையோ நல்ல பம்புகளைத் தின்றிருக்கிறது.

கரும்பு சீசனில், முன்சக்கரம் அந்தரத்தில் நிற்க டிரெய்லர் இழுக்கும் டிராக்டரைச் சுற்றி நின்று கைதட்டுகிறார்கள். ஃபெர்கூசன் தடுக்கப் பார்த்த அதே மரணம் அது. டிரெய்லரை டாப் லிங்க் மாட்டும் இடத்தில் பூட்டவே கூடாது. பின் அச்சுக்குக் கீழே உள்ள இழுவைக் கொக்கியில்தான் பூட்ட வேண்டும்.