வள்ளத்துக்கு ஒரு என்ஜின் போதுமா? இரண்டு வேண்டுமா?

(நமது பனச்சமூடு நிருபர்)

பனச்சமூட்டில் நின்றால் கடல் தெரியாது. தெரிவதெல்லாம் எல்லைச் சாலையும் சந்தையும்தான். ஆனால் பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் என்று கேரளப் பகுதியில் வேலை பார்க்கும் நம்மவர்களில் பலருக்கு நீரோடி, வள்ளவிளை, தூத்தூர், குளச்சல் பக்கம் சொந்தபந்தம் உண்டு. மாதச் சம்பளம் வாங்குகிறவர் என்பதால், வள்ளத்துக்கு என்ஜின் வாங்கக் கடன் எடுக்கும் தம்பியோ மைத்துனனோ ஜாமீனுக்கு அவரைத்தான் தேடி வருவான்.

இப்போது கேட்கப்படுவது பெரும்பாலும் இரண்டாவது என்ஜின். அது தேவைதானா? கையெழுத்துப் போடுமுன் இதைக் கொஞ்சம் யோசிப்பது நல்லது.

பாய் போய் மோட்டார் வந்தது

இந்தக் கரையில் ஒரு காலத்தில் கட்டுமரமும் பாயும் துடுப்பும்தான். பிறகு பிளைவுட் வள்ளங்கள் வந்தன. கன்னியாகுமரி மாவட்டம் முட்டம் அவற்றைக் கட்டுவதில் பெயர் பெற்றது. 1980-களில் வெளிப்புற மோட்டார்கள் பரவின. 1980-ல் தொடங்கிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, வள்ளம் கட்டுவது முதல் என்ஜின் பழுது பார்ப்பது வரை இதில் பெரும் பங்கு வகித்தது. அதற்குப் பின் ஃபைபர் வள்ளங்கள் வந்தன. என்ஜின்களின் குதிரைத் திறன் கூடியது, எண்ணிக்கையும் கூடியது.

வேகம் இரட்டிப்பாகுமா?

இரண்டு என்ஜின் வைத்தால் இரண்டு மடங்கு வேகம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. தண்ணீரை விலக்கிக்கொண்டு ஓடும் வள்ளத்தில், வேகம் கூடக் கூடத் தண்ணீரின் எதிர்ப்பு பல மடங்கு ஏறும். திறனை இரட்டித்தால் வேகம் சுமார் கால் பங்குதான் கூடும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு என்ஜினில் மணிக்கு 12 கிலோமீட்டர் ஓடும் வள்ளம், இரண்டில் 15 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோமீட்டர் தொலைவுக்கு முதலாவது 1 மணி 40 நிமிடம் எடுக்கும். இரண்டாவது 1 மணி 20 நிமிடம். மிச்சம் 20 நிமிடம். என்ஜின் ஒன்றுக்கு மணிக்கு 4 லிட்டர் மண்ணெண்ணெய் என்றால், ஒரு என்ஜினுக்கு ஏழு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும். இரண்டுக்கும் சேர்த்துப் பத்தரை லிட்டருக்கு மேல். போக வர ஏறக்குறைய எட்டு லிட்டர் கூடுதல். இது தினமும் போகும் காசு.

காலி வள்ளம் தண்ணீர் மேல் எழும்பிப் பாயும்போது வேகம் இதைவிடக் கூடலாம். வலையும் ஐஸும் மீனும் ஆட்களும் ஏறிவிட்டால் அந்தப் பாய்ச்சல் இருக்காது. 9.9 குதிரைத் திறன் மோட்டார் ஒன்று சுமார் 35 கிலோ இருக்கும். இன்னொன்றையும் பின்பலகையில் மாட்டினால் வள்ளத்தின் பின்பக்கம் அமிழும். அலைத் தண்ணீர் உள்ளே ஏற வழியாகும்.

திரும்பி வருவதற்கு

அப்படியானால் இரண்டாவது என்ஜின் எதற்கு? கரைக்குத் திரும்பி வருவதற்கு.

பிளக் கரி பிடிக்கலாம். மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கலாம். அறுந்த நைலான் வலை விசிறியில் சுற்றலாம். மிதக்கும் பிளாஸ்டிக் பை குளிர்நீர்த் துளையை அடைத்து என்ஜின் சூடேறி நிற்கலாம். பூவாறில் நெய்யாற்றுக் கழியில் ஓடும் படகுக்கு இப்படி நேர்ந்தால் கழியூன்றிக் கரை சேரலாம். அங்கே ஒரு என்ஜின் தாராளம். கரையே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நின்றால் காற்று இழுத்த பக்கம்தான் பயணம்.

கரையோரமும் ஆபத்தான இடமே. துறைமுகம் இல்லாத பொழியூர் போன்ற கரைகளில் அலையைக் கடந்துதான் இறங்க வேண்டும், ஏற வேண்டும். அலைக்கு நடுவே என்ஜின் நின்றால் வள்ளம் குறுக்கே திரும்பும். அடுத்த அலை கவிழ்த்துவிடும். முதலப்பொழி முகத்துவாரத்தில் வள்ளங்கள் கவிழ்ந்து பலர் உயிரிழந்திருப்பதை நாம் அறிவோம். இத்தகைய இடத்தில் இரண்டு என்ஜினும் ஓடிக்கொண்டிருந்தால், ஒன்று நின்றாலும் மற்றது வள்ளத்தின் முகத்தை அலைக்கு நேராகப் பிடித்து நிறுத்தும்.

ஆனால் என்ஜினால் தீராத ஆபத்தும் உண்டு. 2017 நவம்பர் 30-ந் தேதி ஒகி புயல் இந்தக் கடலைத் தாக்கியபோது இரு மாநிலக் கரைகளிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள், காணாமல் போனார்கள். அப்படிப்பட்ட புயலில் என்ஜின் எத்தனை இருந்தாலும் போதாது. எச்சரிக்கையைக் கேட்டுக் கரையில் இருப்பதும், லைஃப் ஜாக்கெட்டும், செய்தி சொல்லும் கருவியும்தான் அங்கே துணை.

இரண்டு இருந்தும் ஒன்றுதான்!

பல வள்ளங்களில் இரண்டு என்ஜினுக்கும் ஒரே தொட்டி. அதில் தண்ணீர் கலந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் நிற்கும். அப்புறம் இரண்டு இருந்து என்ன பயன்? தொட்டி, குழாய், பில்டர் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். வலை இழுக்கும்போது ஒன்றைத் தூக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வலை இரண்டு விசிறியிலும் சுற்றும். தூக்கியே வைத்திருக்கும் என்ஜினை உப்பு தின்றுவிடும் என்பதால் ஒவ்வொரு பயணத்திலும் சிறிது நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே ரகம் என்றால் உதிரிபாகம் ஒன்றுக்கொன்று உதவும்.

ஜாமீன் போடுமுன்

தம்பி கரையோரம் வலை போட்டு அன்றன்றே திரும்புகிறவன், பக்கத்தில் எப்போதும் வேறு வள்ளங்கள் உண்டு என்றால், நல்ல என்ஜின் ஒன்றும் உதிரிபாகப் பெட்டியும் போதும். இரண்டாவதுக்கு வாங்கும் கடனில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கு ஒதுக்கினால் குடும்பம் தப்பும்.

கரை மறையும் தூரம் போகிறவன் என்றால் இரண்டு வேண்டும். இரண்டும் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பெரியது ஒன்றும், மெதுவாகவாவது வீடு சேர்க்கும் சிறியது ஒன்றும் போதும்.

எனவே கையெழுத்துக் கேட்டு வருகிறவரிடம் எத்தனை குதிரைத் திறன் என்பதை அப்புறம் கேளுங்கள். முதலில் எவ்வளவு தூரம் போகிறாய், தொட்டி தனியா என்று கேளுங்கள். இந்த இரண்டுக்கும் அவர் தெளிவாகப் பதில் சொன்னால் தயங்காமல் ஜாமீன் போடலாம். பக்கத்து வள்ளக்காரன் வாங்கினான் என்பதுதான் பதில் என்றால், பேனாவைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது.